டியூபோடு கிடக்கும் குழந்தை எவ்வளவு தூங்க வேண்டும்?

குழந்தைகள் ஐசியூவில் அதிகாலை மூன்று மணி. இரண்டு வயதுக் குழந்தை, கடும் நிமோனியா, வென்டிலேட்டரில் மூன்றாவது நாள். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் டியூபில் சளி சேர்ந்துவிட்டது. நர்ஸ் சக்ஷன் குழாயை உள்ளே விடுகிறார். அதுவரை அசையாமல் கிடந்த குழந்தை உடம்பை வில்லாக வளைத்து, முகம் சிவந்து அழுகிறது. டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் அந்த அழுகைக்குச் சத்தம் கிடையாது. வாய் மட்டும் கோணுகிறது, கண்ணோரம் நீர் வழிகிறது. கை டியூபைத் தேடிப் போகிறது. இதயத்துடிப்பு 130இலிருந்து 190க்கு ஏற, மானிட்டர் கத்துகிறது. கட்டில் பக்கத்தில் மயக்கத்துக்கும் வலிக்குமான மருந்துகளைச் செலுத்தும் மூன்று சிரிஞ்ச் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நர்ஸ் இப்போது முடிவெடுக்க வேண்டும். எந்தப் பம்பைக் கூட்டுவது? அல்லது எதையும் கூட்டாமல், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்ப்பதா?

எந்தப் பம்பைக் கூட்டினாலும் பலன் உடனே தெரியும், குழந்தை அடங்கிவிடும். ஆனால் அதன் கணக்கு முடிவது நாலைந்து நாள் கழித்து, டியூபை எடுத்த பிறகு. குழந்தை அம்மாவை அடையாளம் தெரியாமல் வெறித்துப் பார்க்கிறதா, இரவு பகல் தெரியாமல் அலறுகிறதா, கை கால் நடுங்கி, வியர்த்து, வயிற்றுப்போக்கும் வந்து, மறுபடி தொற்றோ என்று எல்லோரையும் கலங்க வைக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மருந்துகளை ஒப்பிட்டவர்கள் வெகுகாலம் முதல் பாதியை மட்டுமே அளந்தார்கள். எழுந்த பிறகு நடப்பதையும் சேர்த்து அளக்க ஆரம்பித்ததும்தான் எது நல்ல மருந்து என்ற வரிசையே மாறியது.

முதலில் வலி, அப்புறம்தான் தூக்கம்

செடேஷன், அதாவது மருந்து கொடுத்துத் தூக்கத்தில் அமைதியாக வைப்பது, ஏன் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. பெரியவரிடம் "இந்தக் குழாய்தான் உங்களுக்கு மூச்சு கொடுக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பார்க்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அது நடக்காது. குழந்தையின் மூச்சுக்குழாய் குட்டையானது. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். தலை நிமிர்ந்தால் டியூபின் நுனி மேலேறும், குனிந்தால் கீழிறங்கும். ஒரே இழுப்பில் டியூப் வெளியே வந்துவிட்டால், ஆக்ஸிஜன் இருப்பே குறைவாக உள்ள அந்தச் சின்ன உடம்பு மிகச் சீக்கிரம் நீலம் பாய்ந்துவிடும். இந்தப் பயத்தில்தான் பல ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பெரியவர்களைவிட ஆழமான மயக்கத்தில் வைத்திருந்தார்கள்.

ஆழ்ந்த மயக்கத்துக்கு வேறு விலை உண்டு. இருமல் அடங்கிச் சளி தேங்கும். உதரவிதானம் வேலை செய்யாமல் மெலியும். குடல் சோம்பும், பால் செரிக்காது, ரத்த அழுத்தம் இறங்கும். வென்டிலேட்டரிலிருந்து விடுபடும் நாள் தள்ளிப்போகும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தூங்க வைப்பதும் வலியைக் குறைப்பதும் இரண்டு வேலை. மிடாசோலம் போன்ற தூக்க மருந்து வலியைத் தொடவே தொடாது. வலியில் இருக்கும் குழந்தைக்கு அதை மட்டும் கொடுத்தால், வலி அப்படியே இருக்கும், அதைக் காட்டும் சக்தி மட்டும் போய்விடும். அதனால்தான் அடித்தளமாக ஓபியாய்டு என்ற வலிநிவாரணி வகை மருந்து ஒன்று, பெரும்பாலும் மார்ஃபின் அல்லது ஃபென்டனில், ஓடுகிறது. ஃபென்டனில் சட்டென்று வேலை செய்யும், ரத்த அழுத்தத்தை அதிகம் அசைக்காது. ஆனால் கொழுப்பில் கரைவதால் நாள்கணக்கில் ஓடினால் உடம்பில் தேங்கி, நிறுத்திய பிறகும் மெல்ல மெல்லத்தான் இறங்கும். உடம்பும் அதற்கு வேகமாகப் பழகிவிடும். மார்ஃபினின் கழிவுப்பொருளே மருந்தாக வேலை செய்யும், சிறுநீரகம் பழுதானால் அது சேரும்.

எளிய மருந்துகளை மறந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 2013இல் ஜாமா இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வில், பெரிய அறுவை சிகிச்சை முடிந்த ஒரு வயதுக்குட்பட்ட 71 குழந்தைகளில் ஒரு பாதிக்கு நரம்பு வழியாகப் பாராசிட்டமால் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின், மற்றவர்களைவிட 66% குறைவு. நாம் காய்ச்சலுக்குக் கொடுக்கும் அதே பாராசிட்டமால்தான்.

மிடாசோலம்: கைவந்த மருந்தின் இன்னொரு பக்கம்

1970களில் ரோஷ் நிறுவனத்தில் உருவான மிடாசோலம், பென்சோடயசெபின் குடும்பத்தைச் சேர்ந்தது. மூளையின் வேகத்தைக் குறைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் பிடியை அது பலப்படுத்துகிறது. நிமிடக்கணக்கில் தூக்கம் வரும், பயம் போகும், வலிப்பும் அடங்கும், நடந்தது நினைவில் நிற்காது. ஐசியூவில் நடப்பதெல்லாம் குழந்தைக்கு நினைவில்லாமல் போவது நல்லதுதானே என்று நினைத்த காலத்தில் இதைவிடப் பொருத்தமான மருந்து வேறில்லை. ஒரு தலைமுறை மருத்துவர்களும் நர்ஸுகளும் கண்ணை மூடிக்கொண்டு டோஸ் சொல்லக்கூடிய மருந்து இது. மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.05 முதல் 0.2 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான ஓட்டம்.

தொல்லை எங்கே வருகிறது? கல்லீரலில் சைப் 3ஏ4 என்ற நொதி இதைக் கரைத்து அனுப்ப வேண்டும். கடும் தொற்றில் இருக்கும் குழந்தையிடம் அந்த நொதி முடங்கிக் கிடக்கும். நெதர்லாந்தில் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளின் ரத்தத்தில் மிடாசோலம் அளவைத் தொடர்ந்து பார்த்து, 2016இல் ஒரு ஆய்வு வெளியானது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி 10 ஆக இருக்கும் குழந்தையோடு ஒப்பிட்டால், சிஆர்பி 300 உள்ள குழந்தை மிடாசோலத்தை வெளியேற்றும் வேகம் 65% குறைவு. அதாவது ஒரே எடை, ஒரே டோஸ், ஒரே பம்ப் வேகம். ஆனால் ஒரு குழந்தைக்குப் போவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு மருந்து. நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு மருந்து தேங்கும். மருந்து அதிகமாகத் தேங்குவது அதைத் தாங்கும் சக்தி குறைந்த குழந்தையிடம்தான் என்பது எனக்கு இதில் பெரிய கவலை. சிறுநீரகமும் பழுதானால், உடைந்த மருந்தின் மிச்சமும் தூக்கத்தை நீட்டும்.

அது தரும் தூக்கமும் முழுத் தூக்கம் இல்லை. ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான மூளை அலைகளும் கனவுத் தூக்கமும் குறைகின்றன. பார்ப்பவர் கண்ணுக்குக் குழந்தை அயர்ந்து தூங்குகிறது, மூளைக்கோ ஓய்வு சரியாகக் கிடைக்கவில்லை. சில குழந்தைகளிடம் மருந்து நேரெதிராக வேலை செய்து, கொடுக்கக் கொடுக்க முரண்டு அதிகமாகும். அதைப் 'போதவில்லை' என்று புரிந்துகொண்டு இன்னும் கூட்டுவது எளிதில் நேர்ந்துவிடும் தவறு.

பிறகு டெலிரியம். நோயும் மருந்தும் சேர்ந்து மூளையைக் குழப்பும் நிலை இது. பல நாடுகளைச் சேர்ந்த 25 குழந்தைகள் ஐசியூக்களில் 994 குழந்தைகளைக் கணக்கெடுத்து 2017இல் வந்த ஆய்வில், நான்கில் ஒருவருக்கு டெலிரியம் இருந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களிடமும் பென்சோடயசெபின் பெற்றவர்களிடமும் அது அதிகம். நோய் கடுமையான குழந்தைக்குத்தானே மருந்தும் அதிகம் போகும் என்று நியாயமாகவே கேட்கலாம். அந்த வேறுபாட்டைக் கணக்கில் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் பென்சோடயசெபினின் பங்கு மறையவில்லை.

புரோபோஃபோல்: ஒரு பாடம் கிடைத்த விதம்

பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபோல், அறுவை அரங்கில் நம்பகமான மருந்து. நிறுத்திய சில நிமிடங்களில் ஆள் எழுந்துவிடுவார். இதையே ஐசியூவில் நாள்கணக்கில் ஓட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தோன்றியது, ஓட்டினார்கள்.

1992இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஐந்து குழந்தைகளின் மரணம் வெளியானது. சுவாசத் தொற்றுக்காக டியூப் போடப்பட்டு, புரோபோஃபோல் ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். ரத்தத்தில் அமிலம் ஏறி, ரத்தம் கொழுப்பால் கலங்கி, இதயம் மெதுவாகி, எந்த மருந்துக்கும் மசியாமல் நின்றது. 1998இல் இதற்குப் புரோபோஃபோல் இன்ஃப்யூஷன் சிண்ட்ரோம் என்ற பெயர் நிலைத்தது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் கொழுப்பை எரிக்கும் பாதையை மருந்து அடைத்துவிடுகிறது. குழந்தையிடம் சர்க்கரைச் சேமிப்பு குறைவு, நோயின் போது உடம்பு கொழுப்பை நம்பி ஓடுகிறது. அந்தக் கதவும் மூடினால் இதயத்துக்கு எரிபொருள் ஏது?

அப்புறம் 2001. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கைக் கடிதம் பற்றி அறிவித்தது. குழந்தைகள் ஐசியூக்களில் நடந்த 327 பேர் கொண்ட சோதனையில், புரோபோஃபோல் பெற்ற 222 பேரில் 21 பேர் 28 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். வழக்கமான மருந்துகள் பெற்ற 105 பேரில் இறந்தவர் 4. மரணங்களுக்கு மருந்துதான் காரணம் என்று ஒவ்வொன்றிலும் நிரூபணம் இல்லை. ஆனாலும் குழந்தைகளுக்கு நீண்ட நேர ஓட்டத்துக்கு இது வேண்டாம் என்பதில் அதன் பிறகு பெரிய விவாதம் எழவில்லை.

இன்றும் அது முழுதாக ஒதுக்கப்பட்டுவிடவில்லை. டியூப் எடுக்கப்போகும் கடைசி சில மணி நேரம், மற்ற மருந்துகள் உடம்பிலிருந்து வடிவதற்கான பாலமாக அது பயன்படுகிறது. மணிக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே, 48 மணி நேரத்துக்குள் என்பது எல்லை. நுழைய அனுமதி உண்டு, தங்க இல்லை.

நீலப்புள்ளியை அணைப்பது

மூளைத்தண்டில், லத்தீனில் 'நீலமான இடம்' என்று பொருள்படும் லோகஸ் சிரூலியஸ் என்ற குட்டிப் பகுதி இருக்கிறது. விழிப்புக்கான நார்அட்ரினலின் அங்கிருந்துதான் மூளை முழுவதும் பரவுகிறது. நாம் இயல்பாகத் தூங்கும்போது அந்தப் பகுதி அடங்குகிறது. குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இரண்டு மருந்துகள் அதே இடத்தை, ஆல்ஃபா-2 ஏற்பிகள் (மருந்து பற்றிக்கொள்ளும் இடங்கள்) வழியாக அடக்குகின்றன. இயற்கைத் தூக்கம் வரும் வாசல் வழியாகவே நுழைவதால், அந்தத் தூக்கமும் இயற்கைத் தூக்கத்தை ஒத்திருக்கிறது.

இதைக் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மிடாசோலத்தில் ஆழ்ந்து கிடக்கும் குழந்தையின் தோளைத் தொட்டால் புருவம் மட்டும் சுருங்கும், அல்லது அதுவும் இருக்காது. டெக்ஸ்மெடிடோமிடினில் தூங்கும் குழந்தை கண்ணைத் திறக்கும், அப்பாவின் குரல் வரும் பக்கம் பார்க்கும், விரலைப் பற்றிக்கொள்ளும், தொல்லை கொடுக்காமல் விட்டால் மறுபடி கண்ணயரும். மூச்சை அது பெரிதாக அடக்குவதில்லை. அதனால் டியூப் எடுக்கும்போது பம்பை நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. குழந்தை தானாக மூச்சுவிடத் தொடங்கும் அந்தப் பதற்றமான ஒரு மணி நேரத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது அங்கே நின்றவர்களுக்குப் புரியும். லேசான வலிநிவாரணமும் உண்டு, ஓபியாய்டு கொஞ்சம் குறையும்.

குளோனிடின் பழையது, முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. வாய்வழியாகவும் கொடுக்கலாம், உடம்பில் நெடுநேரம் நிற்கும். டெக்ஸ்மெடிடோமிடின் ஆல்ஃபா-2 ஏற்பியை அதைவிட ஏழெட்டு மடங்கு குறிபார்த்துப் பிடிக்கும், அதன் அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம், கூட்டிக் குறைக்கச் சுலபம். 1999 டிசம்பரில் அமெரிக்காவில் பெரியவர்களின் ஐசியூ செடேஷனுக்கு, அதுவும் 24 மணி நேரம் வரை மட்டும் என்று அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு அங்கே முறையான அனுமதி வந்தது 2022இல், அதுவும் எம்ஆர்ஐ போன்ற பரிசோதனைகளின் போது தூங்க வைக்க மட்டுமே. வென்டிலேட்டர் குழந்தைகளிடம் நாள்கணக்கில் ஓடுவது இன்றும் அனுமதிச் சீட்டுக்கு வெளியே நடக்கும் பயன்பாடு. குழந்தை மருத்துவத்தில் இது புதிதல்ல, ஆனால் பெற்றோருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இதயத்துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். வேகமாக ஏற்றினால் முதலில் அழுத்தம் எகிறி, பிறகு விழும். இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ள குழந்தையிடம் மிகக் கவனம் தேவை. எல்லாவற்றையும்விட முக்கியம், இது தனியாக ஆழ்ந்த மயக்கம் தராது. நுரையீரல் மிக மோசமாகி, தசைகளையே முடக்கும் மருந்து கொடுக்க வேண்டிய குழந்தைக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. அசைய முடியாமல், ஆனால் விழிப்போடு கிடப்பதைவிடக் கொடுமை ஐசியூவில் இல்லை. அப்படிப்பட்ட குழந்தைக்கு மிடாசோலமே கூடச் சரியான துணையாக இருக்கலாம்.

கெட்டமைன் பற்றி ஒரு வார்த்தை. 1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து வலியையும் குறைக்கும், மூச்சுக்குழல்களையும் விரிக்கும், ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்கிப்பிடிக்கும். கடும் ஆஸ்துமாவில் வென்டிலேட்டருக்குப் போன குழந்தைக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். எச்சில் அதிகம் சுரக்கும், விழிக்கும்போது பயங்கரக் காட்சிகள் தோன்றலாம். ஐசோஃபுளூரேன் என்ற மயக்க வாயுவை வென்டிலேட்டர் வழியே கொடுக்கும் முறையும் வளர்ந்துவருகிறது. 2025இல் வெளியான ஐசோகம்ஃபர்ட் என்ற ஐரோப்பியச் சோதனையில், 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அது மிடாசோலத்துக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது.

ஒப்பிடுவது ஏன் இவ்வளவு கடினம்?

'அ' மருந்தா 'ஆ' மருந்தா என்று குலுக்கிப்போட்டு ஒப்பிடுவதுதான் சரியான வழி. இங்கே அது கைகூடுவது அரிது. பிரிட்டனில் ஸ்லீப்ஸ் என்ற சோதனை குளோனிடினையும் மிடாசோலத்தையும் நேருக்கு நேர் நிறுத்தப் பார்த்தது. கடைசியில் சேர்க்க முடிந்தது 129 குழந்தைகளை மட்டுமே, திட்டமிட்டதில் சிறு பங்கு. நள்ளிரவில் டியூப் போட்ட குழந்தையின் பெற்றோரிடம் போய், ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால் காரணம் புரியும். இரண்டில் எது மேல் என்று உறுதியாகச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை.

சேர்த்தாலும் சிக்கல் தீராது. எந்த மருந்து என்று தெரியாதபடி கொடுப்பது கஷ்டம்: புரோபோஃபோல் நிறத்திலேயே காட்டிக்கொடுக்கும், டெக்ஸ்மெடிடோமிடின் மானிட்டரில் இறங்கும் இதயத்துடிப்பில் காட்டிக்கொடுக்கும். எந்தப் பக்கம் போன குழந்தையாக இருந்தாலும், மருந்து போதவில்லை என்றால் வேறொன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். துடிக்கும் குழந்தையை ஆய்வுக்காக யாரும் விட்டுவைக்க மாட்டார்கள், விடவும் கூடாது. முடிவில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே கலவையைப் பெற்றிருக்கும். குலுக்காமல் பழைய பதிவேடுகளைப் புரட்டும் ஆய்வுகளில் நிலைமை இன்னும் மோசம். டெக்ஸ்மெடிடோமிடின் தேறிவரும் குழந்தைக்குக் கொடுக்கப்படுகிறது, அதனால் அதன் முடிவு அழகாகத் தெரியும். மிடாசோலம் மோசமான குழந்தைக்குப் போகிறது, அதனால் பழியும் அதற்கே.

அளவுகோலும் ஒரு பிரச்சினை. பரவலாகப் புழங்கும் கம்ஃபர்ட்-பி அளவுகோல், விழிப்பு, அமைதி, மூச்சின் போக்கு, அசைவு, தசை இறுக்கம், முகத்தின் இறுக்கம் என ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் தருகிறது. மொத்தம் 6 முதல் 30. 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருந்து அதிகம், 23 அல்லது அதற்கு மேல் போனால் போதவில்லை. நடுவே 11 முதல் 22 வரை? அங்கே நர்ஸின் தனிக் கணிப்பையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் பெரும்பாலான நேரம் இருப்பது அந்த நடுப்பகுதியில்தான். நர்ஸின் கண்ணை எந்த எண்ணும் இன்னும் மாற்றிவிடவில்லை.

பெரியவர்களிடம் கிடைத்த முடிவுகளை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. 2019இல் வந்த ஸ்பைஸ் 3 ஆய்வில், ஏறக்குறைய 4,000 பெரியவர்களிடம் டெக்ஸ்மெடிடோமிடினும் வழக்கமான மருந்துகளும் 90 நாள் மரண விகிதத்தில் சமமாகவே நின்றன, இரண்டிலும் 29.1%. ஆனால் 65 வயதுக்கு உட்பட்டவர்களிடம் டெக்ஸ்மெடிடோமிடின் பக்கம் மரணம் கொஞ்சம் அதிகமோ என்ற ஐயம் எழுந்து, 2022இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு எச்சரித்தது. 2025இல் பிரிட்டனில் 1,404 பெரியவர்களிடம் நடந்த சோதனையில், டெக்ஸ்மெடிடோமிடினோ குளோனிடினோ புரோபோஃபோலைவிடச் சீக்கிரம் டியூபை எடுக்க உதவவில்லை; முரண்டும் இதயத்துடிப்புக் குறைவும் அதிகம். குழந்தைகள் தரப்பில் புரோபோஃபோலை நாள்கணக்கில் ஓட்டும் வாய்ப்பே இல்லாததால், இங்கே போட்டி மிடாசோலத்தோடு. கேள்வியே வேறு. ஆனாலும் 'இது பத்திரமான மருந்து' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவிடாமல் இந்த எண்கள் நம்மைத் தடுக்க வேண்டும்.

மருந்தை விடுங்கள், நடைமுறையை மாற்றினால்?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. அமெரிக்காவில் 31 குழந்தைகள் ஐசியூக்களில், 2,449 குழந்தைகளிடம் ரெஸ்டோர் என்ற சோதனை நடந்தது, 2015இல் வெளியானது. ஒரு பாதியில் நர்ஸுகள் தினமும் இலக்கு வைத்து, மதிப்பெண் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். மறு பாதியில் வழக்கம் போல. வென்டிலேட்டர் நாட்களில் வித்தியாசமே இல்லை, இரண்டிலும் நடுமதிப்பு 6.5 நாள். ஏமாற்றமாகத் தோன்றும். ஆனால் உள்ளே பாருங்கள்: இலக்கு வைத்த குழுவில் ஓபியாய்டு ஓடியது 9 நாள், மற்றதில் 10. மயக்க மருந்து வகைகள் 3க்குப் பதில் 2. குழந்தை விழித்து அமைதியாக இருந்த நாட்கள் 75% இலிருந்து 86%. படுக்கைப் புண்ணும் குறைவு. மறுபக்கம், வலியும் முரண்டும் பதிவான நாட்கள் கூடின. குறைவான மருந்து என்றால் குழந்தை அதிகம் உணர்கிறது, அதற்கு ஈடாக யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் 18 ஐசியூக்களில் 8,843 குழந்தைகளிடம் நடந்த சாண்ட்விச் சோதனையில், செடேஷனையும் டியூப் எடுப்பதையும் ஒரே ஒழுங்கில் இணைத்தார்கள். டியூப் எடுக்கும் வரையான நடுமதிப்பு நேரம் 66.2 மணியிலிருந்து 64.8 மணியாகக் குறைந்தது. குறைவுதான், ஆனால் சின்னது.

தினம் ஒரு முறை மருந்தை நிறுத்தி, குழந்தை எழுகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. 2000இல் பெரியவர்களிடம் இது வென்டிலேட்டர் நாட்களை 7.3இலிருந்து 4.9 ஆகக் குறைத்தது. சண்டிகரில் 102 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் 10 நாள் 7 நாளாகக் குறைந்தது. ஆனால் நெதர்லாந்தில், ஏற்கெனவே ஒழுங்கான செடேஷன் நெறிமுறை இருந்த இடங்களில், இதையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் இல்லை. 129 குழந்தைகளில் தினசரி நிறுத்தம் செய்த 66 பேரில் 6 பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள், மற்ற 63 பேரில் யாரும் இறக்கவில்லை. நிறுத்தியதுதான் காரணம் என்று ஆய்வாளர்களால் காட்ட முடியவில்லை. ஆனால் பெரியவர்களிடம் வெற்றி பெற்றதைக் குழந்தைகளிடம் கொண்டுபோகும்போது அடி வைக்குமுன் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

எழுந்த பிறகு

ஐந்து நாளுக்கு மேல் மிடாசோலமும் ஃபென்டனிலும் ஓடிய குழந்தைக்குப் பம்பை ஒரேயடியாக நிறுத்தினால், பழகிய உடம்பு திரும்பக் கேட்கும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், வியர்வை, கொட்டாவி, தும்மல், தொட்டாலே திடுக்கிடுதல், சமாதானம் ஆக நெடுநேரம் ஆவது. இவற்றை வாட்-1 என்ற அளவுகோலில் 12க்கு எண்ணுவார்கள். 3 வந்தாலே சந்தேகப்பட வேண்டும். இது தொற்றின் மறுவருகை போலவே இருப்பதால், புது ஆன்டிபயாட்டிக் தொடங்கி, ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி ஊசி குத்தி, கடைசியில் மருந்தை மெதுவாகக் குறைத்ததும் எல்லாம் அடங்கிய குழந்தைகள் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடினும் விதிவிலக்கு இல்லை. நாள்கணக்கில் ஓடிய பின் சட்டென நிறுத்தினால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, குழந்தை பதறும். அதை இறக்கக் குளோனிடின் வாய்வழியாகக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம்.

2022இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் வெளியிட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதல், இந்த எழுந்த பிறகான கணக்கையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்கு டெக்ஸ்மெடிடோமிடின், குளோனிடின் அடங்கிய ஆல்ஃபா-2 குடும்பத்தை முதல் மருந்தாகப் பரிசீலிக்கச் சொல்கிறது, பென்சோடயசெபினை முடிந்தவரை குறைக்கச் சொல்கிறது. முதல் பரிந்துரைக்கு ஆதாரம் பலவீனம் என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதய அறுவை சிகிச்சை முடிந்து சீக்கிரம் டியூப் எடுக்கப்போகும் குழந்தைகளுக்கு டெக்ஸ்மெடிடோமிடின் என்பதில் மட்டும் குரல் உறுதியாக இருக்கிறது. இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது. டெக்ஸ்மெடிடோமிடின் நன்றாகத் தூங்க வைக்கிறது என்று நிரூபணமாகிவிட்டதால் அல்ல, மிடாசோலம் எழும்போது கேட்கும் விலை இப்போது கண்ணுக்குத் தெரிவதால். இதோடு இன்னொன்றும் சேர்கிறது: 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சியை நீண்ட நேர மயக்கம் பாதிக்கலாம் என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்த மருந்துகளில் மிடாசோலம், புரோபோஃபோல், கெட்டமைன் மூன்றும் இருந்தன. டெக்ஸ்மெடிடோமிடின் இல்லை.

டெலிரியத்தைக் கண்டுபிடிக்கும் கார்னெல் அளவுகோலில் எட்டுக் கேள்விகள். கண்ணோடு கண் பார்க்கிறதா, காரியத்தோடு கையை நீட்டுகிறதா, சுற்றி நடப்பது தெரிகிறதா, என்ன வேண்டும் என்று காட்டுகிறதா, சமாதானம் செய்தால் அடங்குகிறதா என்று போகும். 9 மதிப்பெண் வந்தால் டெலிரியம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நர்ஸ் இதைப் போட வேண்டும். ஆனால் பல நேரம் முதலில் கண்டுபிடிப்பது பெற்றோர்தான். "இது எங்க பிள்ளை மாதிரியே இல்ல" என்று ஒரு அம்மா சொன்னால், அதைத் தேற்றிக் கடந்துபோகாமல் எழுதிக்கொள்ள வேண்டும். வார்டுக்கு மாற்றும்போது கொடுக்கும் காகிதத்தில் எத்தனை நாள் எந்த மருந்து ஓடியது, கடைசி டோஸ் எப்போது, குறைக்கும் அட்டவணை என்ன என்பதும் இருக்க வேண்டும். அன்று இரவு அந்தக் குழந்தை இரண்டு மணிக்கு எழுந்து, யாரையும் தெரியாமல் அலறினால், வார்டு நர்ஸ் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.